கொல்லையில் மூன்று தூர்: எதைத் தோண்டுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி:

ஐயா, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் எங்களுடையது. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வீட்டுக் கொல்லையைச் சமப்படுத்தி சிமெண்ட் தளம் போட்டு, அங்கேயே பந்தல் போடலாம் என்று நினைக்கிறோம். இடைஞ்சலாக மூன்று அடிக்கட்டைகள் நிற்கின்றன. ஒன்று தென்னை. ஓட்டுக்கூரை மேல் சாய்ந்துகொண்டே வந்ததால் ஐந்து மாதத்துக்கு முன் வெட்டினோம். இரண்டடி உயரம் நிற்கிறது. பக்கத்தில் இன்னும் நான்கு தென்னைகள் காய்ப்பில் இருக்கின்றன. அடுத்தது, ஆட்டுத் தழைக்காக வைத்த சவுண்டல். எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கிறது. மூன்றாவது என் அப்பா வைத்த வேம்பு. அடுப்படிச் சுவரிலிருந்து ஆறடி தூரம், இன்னொரு பக்கம் கழிவுநீர்த் தொட்டி. இரண்டடிக்கு மேல் குறுக்களவு. இரண்டு வருடம் முன்பு தரையோடு வெட்டியும் சுற்றித் துளிர் வருகிறது. ஒருவர் பெருங்காயம் வைக்கச் சொல்கிறார், ஒருவர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். மைத்துனர் டிராக்டரில் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார். ஜேசிபி வரவேண்டுமென்றால் மதில் சுவரில் ஒரு பக்கம் இடிக்க வேண்டும். கிணறு இருபதடி தூரத்தில்தான். என்ன செய்வது?

பதில்:

சகோதரி, கல்யாண வேலைகளுக்கு நடுவில் இவ்வளவு விவரமாக, அடிக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதிலும் நேராகச் சொல்ல முடிகிறது. மூன்று தூரையும் ஒரே ஆளைக் கூப்பிட்டு ஒரே மாதிரி எடுக்கச் சொல்லாதீர்கள். தென்னைத் தூர் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வெளியேற வேண்டியது. சவுண்டலை அதன் கழுத்துக்குக் கீழே போய் வெட்டினால் போதும். வேம்பை முழுசாகப் பிடுங்க நினைத்தால் சுவருக்கும் தொட்டிக்கும்தான் கேடு. அதன் தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை மண்ணோடு விட்டுவிட வேண்டும். மதில் சுவரை இடிக்க வேண்டிய அவசியம் எதிலும் இல்லை.

தென்னையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம். தென்னை குருத்து போன பிறகு ஒருநாளும் துளிர்க்காது. எனவே அதைச் சாகடிக்க மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் செத்த தென்னைத் தூர்தான் காண்டாமிருக வண்டுக்குப் பிள்ளைப்பேறு வீடு. எருக்குழியிலும் மக்குகிற தென்னை மரத்திலும்தான் அது முட்டையிடும். புழு மாதக்கணக்கில் அந்த மக்கலையே தின்று வளரும். வண்டாகி வெளியே வந்ததும் பக்கத்தில் நிற்கிற உங்கள் நான்கு மரத்தின் குருத்தைத்தான் குடையும். புதிதாக விரியும் மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணம் முக்கோணமாக ஓலை காணாமல் போயிருந்தால், வண்டு ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கே ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் உங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது விழுந்த தென்னைகள் எத்தனை நாள் தோப்புகளில் அப்படியே கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். விழுந்த மரத்தையும் தூரையும் சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வது இந்த வண்டுக்குப் பயந்துதான்.

தூரில் புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. வெட்டுமுகத்தின் நடுவில் கடப்பாரையை ஓங்கிக் குத்திப் பாருங்கள். கடப்பாரை சொத்தென்று இறங்கி, புளித்த கள் வாடையோடு பழுப்புத் தூள் வந்தால் உள்ளே மக்கல் ஆரம்பித்துவிட்டது. அந்தத் தூளில் உளுந்துக்கும் கொஞ்சம் பெரிதாக, ஒரே அளவில் கரும்பழுப்பு எச்சக் கட்டிகள் கிடந்தால் புழுவும் இருக்கிறது. கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வில்லாக வளைந்து படுத்திருக்கும். வால்பக்கம் மட்டும் உள்ளே இருக்கும் சாணி தெரிகிற மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த மரம் கூரைமேல் சாய்ந்தது மட்டும்தான் குறையா? அடிமரத்திலிருந்து செம்பழுப்பாக ஏதாவது நீர் கசிந்ததா? மட்டைகள் மஞ்சளித்துத் தொங்கினவா? இப்போது தூரின் ஓரத்தில் விசிறி மாதிரி கெட்டியான காளான் ஏதாவது முளைத்திருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் அது அடித்தண்டழுகல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூரில் பெரிதாகக் கண்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் வாங்கியது. அந்தப் பூசணம் செத்த தூரிலும் வேரிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருந்து, வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். அப்படியிருந்தால் தூரை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றியுள்ள வேரையும் முடிந்த மட்டும் பொறுக்க வேண்டும். மற்ற நான்கு மரங்களுக்கும் வருடத்துக்கு ஒருமுறை மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு வையுங்கள். அதே குழியில் மறுபடி தென்னை வைக்கக் கூடாது. கசிவோ காளானோ இல்லையென்றால் கவலை வேண்டாம், வண்டு ஒன்றுதான் பிரச்சனை.

எடுப்பது எப்படி? தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சுண்டுவிரல் பருமனில் ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிழங்கு மாதிரி இருக்கும் அடித்தண்டிலிருந்து நாலாபுறமும் ஓடும். எந்த ஒரு வேரும் தனியாகப் பலசாலி இல்லை, எல்லாம் சேர்ந்துதான் மரத்தைப் பிடித்திருக்கின்றன. அதனால் தூரை நேரே அடித்துப் பிளக்க முயற்சிப்பது வீண் உழைப்பு. தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் காடி வெட்ட வேண்டும், ஆள் குனிந்து மண்வெட்டி போடுகிற அகலத்துக்கு. ஆழம் மூன்றடி வரை. வருகிற வேரையெல்லாம் கூரான மண்வெட்டியாலும் கோடாலியாலும் நறுக்கிக்கொண்டே போகலாம். கடப்பாரையால் நெம்பினால் வேர் வளைந்து கொடுக்குமே தவிர அறாது. ஒரு பக்கம் அடியில் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் சாயும். அந்த இரண்டடி உயரத்தை விட்டுவைத்தது நல்லதாகப் போயிற்று, நெம்ப அதுதான் பிடி. இனி யாராவது மரம் வெட்டிவிட்டுத் தூரையும் எடுக்கப்போகிறார்கள் என்றால் மார்பளவு விட்டு வெட்டச் சொல்லுங்கள். தரையோடு அறுத்துவிட்டால் இழுக்கப் பிடியே இருக்காது.

சாய்க்க செயின் பிளாக் (கனமானதைக் கையால் இழுக்கிற சங்கிலிக் கப்பி) வாடகைக்கு எடுத்தால் வேலை பாதியாகும். மறுமுனையைக் கட்ட உயிருள்ள பெரிய மரம் ஏதாவது கொல்லையில் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னையில் கட்டுவதாக இருந்தால் சாக்கு சுற்றி, தரையை ஒட்டி, தாழ்வாகக் கட்ட வேண்டும். கிணற்றுத் தூணிலோ மதில் சுவரிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். சங்கிலி விறைத்து நிற்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கொல்லைப்பக்கமே விடாதீர்கள்.

மைத்துனர் சொன்ன டிராக்டர் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தூர் அசையாமல் நிற்க, பின்சக்கரம் பிடிமானத்தோடு சுழல முயன்றால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். கயிற்றை உயரமான இடத்தில் கட்டியிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும், ஓட்டுகிறவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது. கம்பிக் கயிறு அறுந்து வீசினாலும் ஆபத்துதான். முழுக்கத் தோண்டி வேரெல்லாம் அறுத்து, தூர் குழிக்குள் தளர்வாகக் கிடக்கும்போது வெளியே இழுத்துப்போட டிராக்டரைப் பயன்படுத்தலாம். அப்போதும் அடியில் இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

வெளியே வந்த தூரைக் கோடாலியால் நாலைந்து துண்டாகப் பிளந்து வெயிலில் பரப்புங்கள். புழு இருந்தால் கோழிகள் பார்த்துக்கொள்ளும், ஒன்றையும் மிச்சம் வைக்காது. பிளந்த துண்டை எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் வண்டு வளரும். நன்றாகக் காய்ந்தபின் நெல் அவிக்கவோ வெந்நீர் அடுப்புக்கோ எரித்துவிடலாம். எருக்குழி இருந்தால் அதையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள், பச்சை மஸ்கார்டின் பூசணம் என்கிற மெட்டாரைசியம் உயிரியல் மருந்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்கி எருவில் கலந்துவிடலாம். பறந்து திரிகிற வண்டுக்கு, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு வாயகன்ற மண்சட்டியில் மரத்தடியில் வைத்தால் வாடைக்கு வந்து விழும். நான்கு மரத்தின் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளிலும் வேப்பங்கொட்டைத் தூளை இரண்டு மடங்கு மணலோடு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் வைக்கச் சொல்லுங்கள். மரம் ஏறுகிறவர் காய் பறிக்க வரும்போதே இதையும் செய்துவிடுவார்.

சவுண்டலுக்கு வருவோம். அதில் சிக்கலே கிடையாது, வெட்டுகிற இடம்தான் தப்பு. தண்டும் வேரும் சேருகிற இடத்தில், தரைக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் புடைத்த மாதிரி ஒரு கழுத்து இருக்கும். துளிர் எல்லாம் அந்தக் கழுத்திலும் அதற்கு மேலும்தான் வரும். தரைக்கு மேலே எத்தனை தரம் வெட்டினாலும் அதற்கு அது கவாத்து செய்த மாதிரிதான், முன்னைவிட அடர்த்தியாக வரும். சுற்றி ஒன்றரை அடி ஆழம் பறித்து, மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கழுத்து தெரியும். அதற்கும் ஒரு சாணுக்குக் கீழே ஆணிவேரை அறுத்து மேலே இருப்பதை எடுத்துவிடுங்கள். மிச்ச வேர் மண்ணுக்குள் கிடந்து மக்கட்டும். சீமைக் கருவேலத்துக்கும் இதே கணக்குதான், அதற்கும் துளிர்க்கிற இடம் தரைக்கடியில்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது வருடா வருடம் மேலாக வெட்டிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். சவுண்டல் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மழைக்குப் பிறகு குட்டிச் செடிகள் கூட்டமாக முளைக்கும், விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் சுலபம்.

இனி வேம்பு. இதற்குத்தான் நீங்கள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் கேட்டிருக்கிறீர்கள்.

பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பது நம் ஊரில் வெகுநாளாகச் சொல்லப்படுவது. இத்தனை பருமனுள்ள வேப்பந்தூரை ஒரு கட்டி பெருங்காயம் ஒன்றும் செய்யாது. பாதரசம் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது மண்ணிலிருந்து போகவே போகாத விஷம், இருபதடியில் கிணறு இருக்கிற கொல்லையில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆசிட் தூரின் மேற்பரப்பைக் கருக்கும், ஊற்றுகிறவர் கையையும் கண்ணையும் கருக்கும், வேருக்கு ஒன்றும் ஆகாது. உப்பு மூட்டை கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தூர் சாகும் முன்பே மண் செத்துவிடும், மழையில் கரைந்து கிணற்றுக்கும் போகும். மண்ணெண்ணெயும் அப்படியே. எரிப்பது பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். பச்சைத் தூர் எரியாது. காய்ந்த தூர் எரிந்தால் நெருப்பு வேர் வழியே கீழே கனன்றுகொண்டே போகும், நாட்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. ஆறடியில் அடுப்படியும் பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கும்போது அது கூடவே கூடாது.

களைக்கொல்லி ஒரு வழிதான், மறைக்க மாட்டேன். ஆனால் அது வேலை செய்வது புதிதாக அறுத்த முகத்தில், பட்டைக்கு உள்ளே ஓரமாக ஓடும் ஈரமான வளையத்தில், அறுத்த சில நிமிடங்களுக்குள் பூசினால்தான். இரண்டு வருடம் காய்ந்த முகத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அது கீழே இறங்காது, மண்ணுக்குத்தான் போகும். அதோடு கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. உங்கள் கொல்லைக்கு அது தேவையும் இல்லை.

வேம்பு ஏன் இப்படித் துளிர்க்கிறது? வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்து இன்னும் தீரவில்லை. அப்பா வைத்த மரம், எத்தனையோ வருடச் சேமிப்பு. ஒவ்வொரு துளிரும் அந்தச் சேமிப்பில் கைவைத்துத்தான் வருகிறது. இலை பெரிதாகிப் பச்சை பிடித்துவிட்டால் எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடும். ஆகவே துளிர் செம்பு நிறத்தில் இளசாக இருக்கும்போதே, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அடியோடு பிய்த்தெறிய வேண்டும். கத்தியால் நறுக்காதீர்கள், கீழ்நோக்கி இழுத்தால் அதன் கணுவோடு பெயர்ந்து வரும். இரண்டு வருடமாக நீங்கள் துளிரை வளரவிட்டு, பெரிதானபின் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் அது எத்தனை வருடமானாலும் ஓயாது.

கல்யாணம் தையில் என்பதால் அவ்வளவு காத்திருக்க முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். தூரைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைக் கையால் பறித்து, பக்கவேர்கள் பிரிகிற இடம் வரை வெளிப்படுத்துங்கள். தொட்டிப் பக்கம் கடப்பாரையை வீசிக் குத்தாமல் மெதுவாகப் பறிக்கச் சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் எங்கே ஓடுகிறது, மோட்டாருக்குப் போகும் மின்கம்பி தரைக்கடியில் போகிறதா என்று வீடு கட்டிய கொத்தனாரையோ எலக்ட்ரீஷியனையோ கேட்டு முதலிலேயே கோலமாவால் கோடு போட்டுவிடுங்கள். வேர்கள் தெரிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மண் ஒட்டிய வேரில் மரம் அறுக்கும் மெஷினை வைத்தால் சங்கிலி அந்த இடத்திலேயே மழுங்கிவிடும், அறுக்கிறவர் பாதியில் எழுந்து போய்விடுவார். பக்கவேர்களை ஒவ்வொன்றாகத் தூரை ஒட்டி அறுத்துவிட்டு, தூரின் தலையில் மெஷினால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஆழமாக அறுக்க வேண்டும். வேப்பமரத்தின் நார் பின்னிப் பின்னி ஓடும், ஆப்பு அடித்தால் நேராகப் பிளக்காது. கட்டம் கட்டமாக அறுத்துவிட்டால் கோடாலியால் சில்லு சில்லாகப் பெயர்க்கலாம். தரைக்குக் கீழே ஒரு அடி வரை இப்படிப் பெயர்த்தெடுங்கள். மிச்சமுள்ள கட்டையின் பட்டையையும் சுற்றிலும் சீவிவிடுங்கள், துளிர் பிறப்பது பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான்.

சுழல்கிற பல்சக்கரத்தால் தூரை அப்படியே தூளாக்குகிற இயந்திரம் பெரிய நகரங்களில் வாடகைக்கு வருகிறது. உங்கள் பக்கம் கிடைத்தால் இந்த வேம்புக்கு மட்டும் பயன்படுத்தலாம். தென்னைக்கு வேண்டாம், நார் சுற்றிக்கொள்ளும். கல்லைத் தூக்கி வீசும் என்பதால் அடுப்படி ஜன்னலுக்குத் தகரம் மறைப்பு கட்டிவிட வேண்டும். அதுவும் தலையைத்தான் எடுக்கும், வேரை இல்லை.

அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருக்கும் வேரை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டடி குறுக்களவு வேம்பின் வேர் சுவருக்கு அடியில் நிச்சயம் போயிருக்கும். ஜேசிபி வைத்துத் தூரைப் பெயர்த்தால் அந்த வேர் சுவருக்கடியில் உள்ள மண்ணையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு வரும், தொட்டிச் சுவரிலும் விரிசல் விடும். அறுத்து விட்ட வேர் தானாகச் செத்து வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மக்கும், சுற்றியுள்ள மண் அதற்கேற்ப இடம் பிடித்துக்கொள்ளும். உங்கள் பக்கத்துச் செம்மண் இதற்குத் தாங்கும். கரிசல் மண்ணாக இருந்தால் வேறு யோசித்திருப்பேன். அங்கே பெரிய மரம் போனபின் மண் ஈரம் பிடித்து உப்பி, சுவரைத் தூக்கும்.

கரையான் பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்குள் கிடக்கும் கட்டைக்குக் கரையான் வரும். வேம்பின் நடுக்கட்டையைச் சீக்கிரம் தொடாது, வெளிக்கட்டையைத் தின்னும். ஆறடியில் அடுப்படி இருப்பதால், அடுத்த இரண்டு மூன்று வருடம் மழைக்குப் பின் சுவரின் அடியில் மண்கோடு ஏறுகிறதா என்று பார்த்து வாருங்கள். ஏறினால் சுவரோரம் கரையான் மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடலாம். இப்போதே பயந்து அடிக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. தூரை வெட்டியபின் கொல்லையின் வேறு மூலையில் வேப்பங்கன்று ஏதாவது தானாக வந்திருக்கிறதா? வேம்பு வேரில் காயம் பட்டால் அங்கிருந்தும் கன்று கிளம்பும். அப்படி ஒன்று சுவருக்கும் தொட்டிக்கும் விலகி, பதினைந்து இருபது அடி தள்ளி நின்றால், அதன் அடியில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். மெல்லிய ஆணிவேர் நேராகக் கீழே இறங்கினால் விதையில் முளைத்தது. படுக்கையாக ஓடும் பருத்த வேரின் முதுகிலிருந்து எழும்பியிருந்தால் அது அப்பா வைத்த அதே மரம்தான், வேறு மரம் இல்லை. விரும்பினால் அதை வைத்துக்கொள்ளலாம். தாய்த்தூரிலிருந்து வரும் வேரை ஒரு பக்கம் அறுத்துவிட்டால் தன் காலில் நின்றுகொள்ளும். தூருக்கு விஷம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம். வேர் வழியாக அந்தக் கன்றுக்கும் போய்ச்சேரும். ஆனால் அடுப்படிக்குப் பக்கத்துத் தூரில் வருகிற துளிரில் ஒன்றை வளர்க்கலாமா என்று ஆசைப்படாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் துளிர் பெரிதானால் அதன் பிடிமானம் பலவீனமாக இருக்கும், காற்றில் பிளந்து ஓட்டின்மேல்தான் விழும்.

தளம் எப்போது போடுவது என்பதுதான் மிச்சம். தோண்டிய இடத்தில் உடனே சிமெண்ட் போடாதீர்கள். ஆடி முடிவதற்குள் மூன்று தூரையும் எடுத்துவிடுங்கள். மண் இறுகியிருந்தால் முந்தின நாள் மாலை தண்ணீர் கட்டி ஊறவிட்டால் பறிக்கச் சுலபம். குழியை நிரப்பும்போது மரச்சில்லு, வேர்த்துண்டு எதையும் உள்ளே போடாதீர்கள், அது மக்கி மண் உள்வாங்கும். அரை அடி மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த அரை அடி. கடைசியில் தரை மட்டத்துக்கு மேல் அரை அடி குவித்து விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதை அமுக்கிக் கொடுக்கும். மழை விட்டபின் பள்ளம் தெரிகிற இடத்தில் கிராவல் போட்டு மட்டம் செய்து, மார்கழியில் தளத்தைத் தொடங்கினால் தைக்குத் தயார்.

கொல்லை முழுக்க ஒரே சிமெண்ட் தளமாகப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வேம்பின் மிச்சக் கட்டை மக்கும்போது அதன்மேல் தளம் இறங்கி வெடிக்கும். மணல் படுக்கையில் பேவர் பிளாக் பதித்தால், இறங்கின இடத்தில் கல்லைப் பெயர்த்து மணல் போட்டு மறுபடி பதித்துக்கொள்ளலாம், மழைத்தண்ணீரும் கிணற்றுப் பக்கம் இறங்கும். தென்னைகளின் அடியில் நான்கு பக்கமும் ஆறடி மண்ணாகவே விட்டுவிடுங்கள். காய்க்கிற மரம், அதன் வேர் அதற்குள்தான் தண்ணீரும் உரமும் எடுக்கிறது. பணம் நெருக்கடியாக இருந்தால் கல்யாணத்துக்குக் கிராவலைக் கெட்டித்துச் சாணம் மெழுகினாலே பந்தலுக்குப் போதும், தளத்தை அடுத்த வருடம் பார்க்கலாம். மண்ணும் அதற்குள் நன்றாக இறங்கியிருக்கும்.

கூலி பேசும்போது தென்னையும் சவுண்டலும் மொத்தமாகப் பேசுங்கள், வேம்புக்கு மட்டும் நாள் கூலி. மொத்தமாகப் பேசினால் வேம்பில் அவசரப்பட்டுத் தொட்டிச் சுவரில் கடப்பாரையைப் போட்டுவிடுவார்கள். வேப்பந்தூர் விறகுக்குச் செங்கல் சூளைக்காரர்கள் விலை தருவதுண்டு. ஆள் கூப்பிடும் முன் பக்கத்துச் சூளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கூலியில் கொஞ்சம் அதிலேயே தேறும். தென்னைத் தூரை யாரும் சீண்ட மாட்டார்கள். அதை நீங்களேதான் பிளந்து காயவைத்து எரித்தாக வேண்டும், அதுவும் வெளியே எடுத்த அதே வாரத்தில்.